மெட்டி இருந்த விரல்

முதலில் அதை நகச்சுத்து என்றுதான் நினைத்தேன். வலது கால் கட்டைவிரலின் ஓரம் சிவந்து வீங்கி, தொட்டால் உயிர் போனது. கைவிரலில் நகச்சுத்து வந்தால் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து தொப்பி மாதிரி மாட்டுவோம் அல்லவா, அதையே காலுக்கும் செய்தேன். கள்ளிக்குப்பம் வீட்டில், மஞ்சள் தொப்பி போட்ட காலை நாற்காலிமேல் நீட்டியபடி ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கிடந்தேன். எலுமிச்சை வாசம், மின்விசிறிக் காற்று, பாதித் தூக்கம். அயனம்பாக்கம் ஏரித் தண்ணீர்மேல் செருப்பில்லாமல் நடக்கிறேன், கால் நனையவே இல்லை. விழித்துப் பார்த்தால் எலுமிச்சைதான் வாடியிருந்தது. வலி வாடவில்லை.

தொழிற்பேட்டை எஸ்டேட்டில், துணிக் கம்பெனி ஒன்றில் எனக்குத் தையல் வேலை. பெடலை மிதிக்கும்போதெல்லாம் கண்ணில் நீர் முட்டியது. அந்த வாரம் எனக்கு மனிதர்களின் முகமே தெரியவில்லை. ஷேர் ஆட்டோவில், கேன்டீன் வரிசையில், கால்கள் மட்டும் மிதந்து போயின. எத்தனை கட்டைவிரல்கள் பக்கத்து விரல்மேல் சாய்ந்து கிடக்கின்றன! எத்தனை நகங்களின் ஓரத்தில் பிளாஸ்டர்! இத்தனை நாள் நான் இதையெல்லாம் பார்க்காமல் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஆச்சரியமாக இருந்தது.

"எனக்கும் இதே ரோதனைதான்க்கா. நகத்து ஓரத்தை நோண்டி எட்துட்டா சரியாப் பூடும்" என்றாள் பக்கத்து மிஷின் பெண். நோண்டினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். மறுநாள் சீழ் வைத்துவிட்டது.

என் கணவர் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தினம் பார்க்கிறதுதாம்மா. நகம் சதைக்குள்ள வளருது. ஆனா நகத்தை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. உங்க கட்டைவிரல் எலும்பே சாய்ஞ்சிருக்கு. பக்கத்து விரல்ல போய் இடிக்குது, அங்க மெட்டி வேற. மரத்துப்போக ஊசி போட்டு நகத்து ஓரத்தை எடுத்துடறேன். புண் ஆறுற வரைக்கும் இந்தக் கால்ல மெட்டி போடாதீங்க."

காலை இழுத்துக்கொண்டேன். அப்பா போன பிறகு அம்மாவின் காலிலிருந்து மெட்டியைக் கழற்றியதைப் பார்த்தவள் நான். "நகத்தை வேணும்னா முழுசாப் பிடுங்கிடுங்க டாக்டர், மெட்டி இருக்கட்டும்" என்றேன். என் கணவருக்கு ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரை போட மறப்பார். காலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, இவருக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று மட்டும்தான் பயந்தேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் கணவர்தான் சிரித்தார். குந்தி உட்கார்ந்து, கல்யாணத்தன்று அம்மிமேல் தூக்கி வைத்த அதே காலைத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"இன்னாமே, என் உசுரு ஒன் கால் வெரல்லயா மாட்டிக்கினு கீது?" என்றபடி மெட்டியின் வாயை மெல்ல விரித்தார். "அன்னிக்கே பாத்தேன், வெரலு கோணலாத்தான் இருந்துச்சு. அய்யரு அவசரப்படுத்துனாரு, சொல்லல."

கழற்றியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இடது கால் மெட்டியை யாரும் கேட்கவில்லை. அது ஒன்றாவது மிஞ்சியதே என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் வீடு வந்தோம். கால் மரத்து, யாருடைய காலையோ கடன் வாங்கி நடப்பதுபோல் இருந்தது. மெட்டி இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு தடம். அவர் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தார். ஜன்னல் வெயில் அவர் சட்டைப் பைமேல் விழுந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டிப் போய், அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுத்தேன். மனசு கேட்கவில்லை. மறுபடியும் போய்க் குனிந்தேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "உசுரோடதான் கீறேன்மே, கீறேன். போய்க் காலை நீட்டிப் படு."