பாப்பாத்தி விழக் கற்றுக்கொண்டாள்

குடுபல்லி ஸ்டேஷனில் பிளாட்பாரம் குட்டை, ரயில் நீளம். பெங்களூரிலிருந்து சாயங்காலம் திரும்பும் பாசஞ்சரில் பெண்கள் பெட்டி கடைசியில் இருக்கும். அது எப்போதும் பிளாட்பாரத்தைத் தாண்டித்தான் நிற்கும். நிற்பதும் ஒன்றரை நிமிஷம். அதற்குள் கட்டட வேலைக்குப் போன பதினைந்து பெண்களும் சாப்பாட்டுக் கூடையோடு கருங்கல் ஜல்லிமேல் குதித்தாக வேண்டும். ஆறு வருஷமாகக் குதித்துக்கொண்டிருந்த பாப்பாத்தி, தொண்ணூற்றெட்டாம் வருஷம் பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை, சாய்ந்த கம்பம் மாதிரி பக்கவாட்டில் விழுந்தாள். கழுத்தடியில் காறை எலும்பு முறிந்தது.

பாப்பாத்திக்கு முப்பத்தெட்டு வயசு. புருஷன் குவைத்துக்குப் போனவன். முதலில் பணம் வந்தது, பிறகு கடிதம் வந்தது, பிறகு இரண்டும் நின்றன. மகள் செல்வி ஒன்பதாவது, தெலுங்கு மீடியம். ஒயிட்ஃபீல்டு பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்காக எழும்பிக்கொண்டிருந்த கண்ணாடிக் கட்டடங்களில் கலவைச் சட்டி சுமப்பது பாப்பாத்தியின் வேலை. விடியலில் ரயில், பொழுது சாய்ந்து ரயில். வேறு வருமானம் இல்லை.

மூன்றாம் நாள் கட்டட வேலை எத்திராஜ் மேஸ்திரி ஆளிடம் சொல்லி அனுப்பினார். வந்தவள் ரத்னம்மா, கூட வேலை பார்ப்பவள், பக்கத்துத் தெரு.

"உகாதி முடிஞ்சி வரச் சொன்னாரு. ஆனா ரயில்ல வந்துகினு போய்க்கினு இருக்கிற வேலை வேணாமாம். வேலை நடக்கிற எடத்துத் தகர ஷெட்டுலயே வந்து தங்கிக்கச் சொல்றாரு."

"செல்வி?"

"அவளையும் இட்டுகினு வரட்டும், அவளும் சட்டி தூக்கலாம்னாரு."

ஷெட்டுக்குப் போனால் பள்ளிக்கூடம் போச்சு. அது பாப்பாத்திக்கும் தெரியும், ரத்னம்மாவுக்கும் தெரியும். "ஒரே ஒரு மாசம் ரயில்ல வந்து பாக்கிறேன், இன்னொரு தரம் அடிபட்டா ஷெட்டுக்கே வந்துடறேன்னு சொல்லு" என்றாள் பாப்பாத்தி.

எலும்புக் கட்டுக்கு எல்லாரையும் போலப் புத்தூருக்குப் போனாள். சித்தூரில் பஸ் மாறி, தோளைத் தொங்கவிட்டுக்கொண்டு, வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு. கட்டுப் போடும் இடத்தில் ஐம்பது அறுபது பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கை ஒடிந்தவர், கால் ஒடிந்தவர், விலா ஒடிந்தவர். மற்றவர்கள் முனகிக்கொண்டிருக்க, பாப்பாத்திக்கு ஒரு நினைப்பு வந்தது. இத்தனை பேரும் விழுந்தவர்கள். விழுவதைப் பற்றி இவர்களைவிட யாருக்குத் தெரியும்?

பக்கத்திலிருந்தவரிலிருந்து ஆரம்பித்தாள். "எப்படிண்ணா விழுந்தே?"

நகரியிலிருந்து வந்த நெசவுக்காரர் விசைத்தறிக் கூடத்துப் படியில் உருண்டவர். ஒரு பாட்டுக்காரம்மா பஜனையில் ஆடிக்கொண்டிருந்தபோது சாய்ந்தவள். டி.வி.எஸ். வண்டியில் வந்த வாத்தியார் எருமையின் மேலே மோதினார், எருமைக்கு ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் விழுந்தீர்கள், கை எங்கே இருந்தது, கையில் என்ன இருந்தது என்று இவள் கேட்டுக்கொண்டே போனாள். "நீ இன்னாம்மா, போலீஸா?" என்றார் வாத்தியார்.

வரிசையின் கடைசியில் ஆதிநாராயணன் இருந்தார். பாலசமுத்திரத்துக்காரர், மாந்தோப்புகளில் காய் பறிக்கிறவர். முழங்கை வீங்கியிருந்தது.

"மரத்துல இருந்தாண்ணா?"

"மரத்துல இருந்து விழுந்தா எனக்கு ஒண்ணும் ஆவாது. பதினேழு தரம் விழுந்துகீறேன். இது குளிக்கிற எடத்துல வழுக்கிச்சி."

பாப்பாத்திக்குச் சிரிப்பு வந்தது; சிரித்தால் தோள் வலித்தது. "மரத்துக்கும் குளிக்கிற எடத்துக்கும் இன்னா வித்தியாசம்?"

"கெளை ஒடியறப்போ சத்தம் கேக்கும். கேட்டதும் தொரட்டியை வீசிடுவேன், கூடையை வீசிடுவேன். கை காலைச் சுருட்டிகினு மூட்டை மாதிரி உருண்டுடுவேன். குளிக்கிற எடத்துல கையில சொம்பு இருந்துச்சி. புது சொம்பு. ஒடுங்கிடும்னு விடாம புடிச்சிகினேன்."

"சொம்புக்கு?"

"ஒரு கோடு கூட விழல" என்று அவர் துக்கத்தோடு சொன்னார்.

தோளைப் பின்னுக்கு இழுத்துத் துணிக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். திரும்பும் பஸ்ஸில் பாப்பாத்தி சொம்பையே யோசித்துக்கொண்டு வந்தாள். ஆனால் கணக்கு இடித்தது. அன்றைக்குக் கூடை தன் கையிலிருந்து முதலிலேயே பறந்துவிட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கையில் எதுவும் இல்லாமல்தான் விழுந்தாள். அப்புறம் ஏன் மூட்டை மாதிரி உருளவில்லை?

கட்டு அவிழ்த்து, கை தலைக்கு மேலே எழும்ப ஆரம்பித்ததும், ரத்னம்மாவிடம் ஒரு கயிற்றைக் கொடுத்தாள். "பெட்டிப் படியில இருந்து ஜல்லி வரைக்கும் தொங்கவிட்டு, ஒரு முடிச்சி போட்டுகினு வா."

"எலும்பு ஒடஞ்சது தோள்ல, கோளாறு தலையிலயா? வண்டி நிக்கிறதே ஒரு நிமிசம்!" என்று திட்டினாலும் மறுநாள் முடிச்சோடு வந்தாள்.

கயிறு அளந்த அந்த உயரத்துக்கு, குதித்துப் பழக, ஓடைமேல் போட்ட சிறு பாலமான மோரியின் சுவர் ஒத்துவந்தது. கீழே வறண்ட ஓடை மணல். பள்ளிக்கூடம் விட்டு வந்த செல்வி மணலில் உட்கார்ந்து பார்க்க, பாப்பாத்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தாள். நேராக நின்றாள். மறுபடி குதித்தாள். நேராக நின்றாள். முழங்கால் இரண்டும் வலியில் அலறின.

"மா, நீ குதிக்கறப்போ கையை ஏன் தலைக்கு எடுத்துகினு போறே?"

"எங்க?"

"அப்டி." செல்வி எழுந்து செய்து காட்டினாள். இரண்டு கையும் காதோரமாக மேலே போய், கழுத்து விறைத்து, முகவாய் நிமிர்ந்து, முதுகு பலகை.

பாப்பாத்தி தானும் அப்படிச் செய்து பார்த்தாள். அது சட்டி தூக்குகிற பெண்ணின் நிலை. சாரத்துப் பலகையில் கால் இடறினால் முதலில் கை தலைக்குத்தான் போகும். ஒரு சொட்டுக் கலவை சிந்தினாலும் கீழிருந்து மேஸ்திரி கத்துவார். உடம்பு போனாலும் சட்டி போகக்கூடாது. ரயில் ஏறுவதற்கு முந்தின வேலையும் சேர்த்துப் பதினாறு வருஷமாக அப்படியே பழகிப்போய், இப்போது தலையில் சட்டி இல்லாதபோதும் கை இல்லாத சட்டியைப் பிடிக்கப் போகிறது. ரயிலடியில் அவள் காப்பாற்றியது அந்தச் சட்டியைத்தான்.

"அட, என் சொம்பு" என்றாள். செல்விக்குப் புரியவில்லை.

தெரிந்துகொண்டால் மட்டும் கை கேட்குமா? கேட்கவில்லை. குதிக்கும்போதெல்லாம் தானாக மேலே போனது. கையை இடுப்பில் கட்டிப் பார்த்தாள், தோள் விறைத்தது. கடைசியில் செல்விதான் பழைய துணி மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து அம்மாவின் தலையில் வைத்தாள்.

"இதை வீசிட்டுக் குதி."

"சரி" என்றாள் பாப்பாத்தி. வீசவில்லை. மூட்டையைப் பிடித்துக்கொண்டே குதித்து, பிடித்துக்கொண்டே நின்றாள். மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மா! வீசுன்னா வீசணும்!"

"வீசத்தான் பாக்கிறேன், வர மாட்டேங்குதுடி."

முதல் நாள் இருபது தரம் குதித்ததில் மூட்டை ஒரு தரம்தான் கையை விட்டது, அதுவும் நழுவி. மோரி வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு போன லட்சுமம்மா நின்று பார்த்துவிட்டு, "ஏன்டி செல்வி, உங்கம்மாவுக்குப் பேயோட்டறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் பாப்பாத்தி வாய்விட்டுக் கத்திக்கொண்டு வீசினாள்: "போ, நாசமாப் போ!" மூட்டை போய் முள்ளில் விழுந்தது. கையில்லாமல், தலையில்லாமல் உடம்பு லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. முழங்கால் தானாக மடங்கியது. தொடை, இடுப்பு, முதுகு என்று ஒன்றன்பின் ஒன்றாக மணல் வாங்கிக்கொண்டது. உருண்டு எழுந்தவள் முதுகு மணலைத் தட்டவும் மறந்து, "எது முதல்ல பட்டுச்சி, பாத்தியா?" என்று கேட்டாள்.

உகாதி முடிந்து, மேஸ்திரி ஒத்துக்கொண்ட அந்த ஒரு மாசக் கெடுவோடு வேலைக்குப் போனாள். பெட்டிப் படியிலிருந்து ரத்னம்மா முன்னால் இறங்கிக் கை நீட்டுவாள். இவள் கையைத் தொடாமல் இறங்குவாள். ஒரு வாரம், பத்து நாள், ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவளுக்குக் கவலை. விழாதவரைக்கும் கற்றது நிற்குமா என்று எப்படித் தெரியும்?

இருபதாம் நாள் கோடை மழை. ஜல்லி நனைந்து பளபளத்தது. வண்டி பிளாட்பாரத்தை வெகுதூரம் தாண்டி, சரிவான இடத்தில் நின்றது. செல்வி டார்ச்சோடு பிளாட்பாரத்தின் ஓரத்துக்கு வந்திருந்தாள். வண்டி கூவியது. பின்னாலிருந்து பெண்கள் தள்ளினார்கள். பாப்பாத்தி குதித்த இடத்தில் ஒரு கல் புரண்டது, கால் வழுக்கியது.

"மா!"

ரத்னம்மா பார்த்தது இதுதான்: கூடை ஒரு பக்கம் பறந்தது; பாப்பாத்தியின் இரண்டு கையும் தலைக்குப் போகாமல் மார்போடு சுருண்டன; ஆள் சரிவில் இரண்டு தரம் புரண்டு, சேற்றில் உட்கார்ந்தாள்.

வண்டி நகர்ந்து போயிற்று. எல்லாரும் ஓடிவந்தார்கள். செல்வி அழுதுகொண்டே தோளைத் தொட்டுப் பார்த்தாள், கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பாப்பாத்தி கையை மேலே தூக்கினாள், கீழே இறக்கினாள், சுழற்றினாள். முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

"எழுந்திரு, வூட்டுக்குப் போவலாம்" என்றாள் ரத்னம்மா. "நீ ஷெட்டுக்கு மூட்டை கட்டணும்னே நெனச்சிட்டேன்."

"நாளைக்கு இவளுக்குப் பரிட்சை, எந்த ஷெட்டு?" என்றாள் பாப்பாத்தி. "ஏய் செல்வி, டார்ச்சை இப்படி அடி."

செல்வி அடித்தாள். பாப்பாத்தி சேற்றில் குந்தி, கால் வழுக்கிய கோட்டைத் தொட்டாள். ஒரு முழம் தள்ளித் தொடை பதிந்த பள்ளம், அதற்கப்புறம் முதுகின் அகலத்தில் ஒரு தேய்ப்பு. நடுவில் ஓர் இடம் மட்டும் பிடிபடவில்லை.

"கால் இங்க, தொடை இங்க. அப்போ இடுப்பு எங்க பட்டுச்சி?" என்று ரத்னம்மாவின் காலைப் பிடித்துத் தள்ளினாள். "அதுமேல நிக்காதடி, அழிஞ்சிடும்!"