வாசகம் முடியும் இடம்

சமுதாய வானொலியில் செய்தி வாசிக்கக் கூடாது; தகவல்தான் வாசிக்கலாம். மழை, மின்தடை, குடிநீர் லாரி, சாலை மாற்றம், வேலைவாய்ப்பு முகாம், இதெல்லாம் தகவல். பல்கலைக்கழகத்தில் வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புப் படிக்கச் சேர்ந்த புதிதில் எங்கள் தலையில் முதலில் ஏற்றியது இதைத்தான். யாராவது வாய் தவறிச் செய்தி என்று சொல்லிவிட்டால் வகுப்பே கூவும்: "தகவல்! தகவல்!" நானும் சேர்ந்து கூவுவேன். நாற்பதைத் தாண்டிய குரல் ஒன்று இருபது வயதுக் குரல்களின் நடுவே கூவுவது எனக்கே வேடிக்கையாக இருக்கும்.

அதற்கு முன்னால் வல்லம் வடகாலில் ஒரு கைப்பேசி ஆலையில் வேலை. கைப்பேசியின் முதுகை மூடும் லைனில் உட்கார்ந்திருந்தேன். கை ஓடும், வாய் ஓடாது. பேசாத மணி நேரங்களில் சொற்கள் வாய்க்குள்ளேயே புரண்டுகொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவற்றுக்கு வெளிக்காற்று. வடக்குப்பட்டுப் பக்கம் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில், திருப்பலியின்போது வேதத்திலிருந்து ஒரு பகுதியை மேடையேறி வாசிப்பார்கள். வாசகம் என்போம். பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்தபோதே அந்த மேடை எனக்கு வந்துவிட்டது. "ரேடியோவுல வர்றவங்க மாரியே படிக்கிறியேம்மா" என்று யாரோ ஒரு நாள் சொன்னார்கள். சொன்னவர் முகம்கூட நினைவில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் தபாலில் பட்டம் முடித்து, வேலையை விட்டு, இளசுகளோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன்.

வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். குன்றத்தூர்ப் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஷிப்டுக்கு வல்லம் வடகால் போவதும், ஷிப்டு விட்டவர்களைத் திரும்பக் கொண்டுவருவதும் அவர் பிழைப்பு. நான் படிக்கப் போகிறேன் என்றதும் வெகு நேரம் யோசிக்கவில்லை.

"ரெண்டு வருசம். படி. ரேடியோவுல உன்ன எடுத்துக்கினா சரி. இல்லாங்காட்டி திரும்ப லைனு. கண்ணீர்லாம் வுடக் கூடாது."

"வுட மாட்டேன்."

பேச்சு அவ்வளவுதான். பல்கலைக்கழக வளாகத்திலேயே சிறு வானொலி நிலையம் இருந்தது. தகவல் வாசிப்புத் தேர்வில் தேறினால் மதிய அறிக்கைக்கு வாசிப்பாளராக எடுப்பார்கள். எனக்கு வேண்டியது அந்த மதியம். வேறொன்றும் வேண்டாம்.

முதல் பயிற்சி நாள். நுரைப்பஞ்சு ஒட்டிய சுவர்கள். கதவைச் சாத்தினால் நம் மூச்சு நமக்கே பெரிதாகக் கேட்கும் அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வகுப்பு. ஆசிரியர் என்னைவிட வயதில் சிறியவர். என்னை அக்கா என்பார். நான் அவரை சார் என்பேன். சிவப்பு விளக்கு எரிந்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம், ஒரு மின்தடை, ஒரு கண் சிகிச்சை முகாம். ஒரு சொல் தட்டவில்லை. கடைசி வரி முடிந்தது. தாளிலிருந்து நிமிர்ந்தேன். நிமிர்ந்ததும் என் வாய் தன்பாட்டில் சொன்னது:

"இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு."

கோயிலில் வாசகத்தை முடிக்கும் வாக்கியம். ஏரி நீர்மட்டத்தின் கீழே போய் ஒட்டிக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அங்கிருந்த மைக் வழியாக, பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் பளிச்சென்று பதில் கொடுத்தது: "இறைவா உமக்கு நன்றி."

சபை சொல்ல வேண்டிய பதில் அது. சொன்னவள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பெண், விடுதி மாணவி. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். "யக்கா, நான் வேணும்னு சொல்லல. வாய் தானா சொல்லிட்டு. எங்கம்மைக்குத் தெரிஞ்சா கொன்னே போடுவா." வகுப்பு சிரிப்பில் உருண்டது. விஷயம் புரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு, தாமதமாக, இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அன்று முதல் உணவகத்தில் நான் டோக்கன் வாங்கினாலும், பஸ் வருகிறது என்று சொன்னாலும், பின்னாலிருந்து நன்றி வரும்.

ஆசிரியரும் சிரித்தார். சிரித்து முடித்தபின் பதிவைப் போட்டுக் காட்டினார்.

"அந்தக் கடைசி வரி பெரிய விஷயமில்லக்கா. நாளைக்கே விட்டுடுவீங்க. இதக் கேளுங்க. ஒவ்வொரு வாக்கியமும் முடியிற எடத்துல குரல் மேல போய் நிக்குது. ஏரியில தண்ணி இவ்வளவு இருக்குன்னு சொல்றீங்க. கேக்கறவங்களுக்கு, அப்பறம் என்ன ஆச்சுன்னு இருக்கு. ஒண்ணும் ஆகலக்கா. தண்ணி இருக்கு. அவ்வளவுதான். எறங்கி வந்து தரையில நில்லுங்க."

கேட்டேன். உண்மைதான். என் வாக்கியங்கள் எல்லாம் கொடியில் போட்ட துணி மாதிரி நுனியில் பறந்துகொண்டிருந்தன. அவ்வளவு காலம் அதை அழகு என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் பயிற்சி தொடங்கியது. தாளை வைத்துக்கொண்டு வாசித்தால் கோயில் வந்துவிடுகிறது. ஆகவே சாதாரணப் பேச்சிலேயே வாக்கியத்தை இறக்கிப் பழகினேன். குழம்பு கொதித்துவிட்டது. தண்ணீர் நின்றுவிட்டது. சாப்பிட வரலாம். எல்லாம் தரையில் இறங்கி முற்றுப்புள்ளியோடு.

அவர் தட்டின் முன் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இப்ப கோவம்?"

"கோவம் இல்ல."

"பின்ன இன்னா? சோறு போட்டுட்டேன்னு ஜட்ஜு மாரி சொல்ற. நா இன்னா பண்ணேன்?"

"ப்ராக்டீஸ் பண்றன்யா."

"என்னாண்ட பண்ணாத. சோறு எறங்க மாட்டேங்குது."

பள்ளியிலிருந்து வந்த மகளும் இரண்டு நாள் என்னிடம் ஒதுங்கியே இருந்தாள், என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல். எங்கள் ஊர்ப்பேச்சில் வாக்கியத்தை இறக்கி முடித்தால் சண்டை என்று பொருள். அன்பாக இருந்தால் நுனி மேலேதான் போகும். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

பழக்கம் பாதி மாறியபோது கோயில் கைவிட்டது. ஒரு ஞாயிறு வாசகத்தை நான் இறக்கி இறக்கி வாசித்தேன், என்னையறியாமல். கடைசி வாக்கியத்தைச் சொன்னேன். பதில் வரவில்லை. முடிந்துவிட்டதென்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக முணுமுணுத்தார்கள். வெளியே செருப்பு போடும் இடத்தில், லைனில் என்னோடு இருந்த ஒருத்தி பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா இது? செங்கடல் பொளந்துச்சுன்னு படிக்கிற, கரண்டு கட்டுன்னு சொல்ற மாரி கீது."

ஃபாதர் கனிவானவர். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்குங்கம்மா, பரீட்சை முடியட்டும்" என்றார். மேடை ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் போனது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து நன்றி சொன்னேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் அந்த ஒலியை வெளியிலிருந்து கேட்டேன். எங்கள் கோயிலுக்குத் தகரக்கூரை. சொல் மேலே போய் முட்டித் திரும்பி வரும். அது வந்து அடங்கும்வரை அடுத்த சொல் காத்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணும் வாக்கிய நுனியை இழுத்தாள், நான் இழுத்ததுபோலவே. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கூரைதான் இழுக்க வைத்தது. கூரை மட்டுமா? இறுதியில் சபை பதில் சொல்லும். பதில் வரப்போகிறது என்று தெரிந்த குரல் கதவைச் சாத்தாது. திறந்துதான் வைக்கும். ஸ்டூடியோவில் கூரை ஒலிக்காது. பஞ்சு எல்லாவற்றையும் தின்றுவிடும். பதிலும் கிடையாது. நான் மூடிய அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

தெரிந்துகொண்டதும் மாறிவிடவில்லை. தகவல் வாசிப்புத் தேர்வில் முதல் முறை தவறினேன். பயத்தில் பாதி வாக்கியங்கள் ஏறின, பாதி இறங்கின. மறுதேர்வு நேரலையில் என்றார்கள்: மதியம் ஒரு மணி அறிக்கையை வாசிக்க வேண்டும், வெளித்தேர்வாளர் கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருப்பார். அதுவும் போனால் படிப்பு முடியும்போது கையில் இந்தப் பாடத்தின் தேர்ச்சி இருக்காது. மதியமும் இருக்காது. லைன் இருக்கும்.

"யாரையாவது ஒருத்தர நெனச்சுக்குங்கக்கா" என்றார் ஆசிரியர். "அவங்ககிட்ட மட்டும் சொல்லுங்க."

யாரை நினைப்பது? அம்மாவை நினைத்தால் குரல் ஏறுகிறது. மகளை நினைத்தாலும் அப்படித்தான். ஃபாதரை நினைத்தால் சொல்லவே வேண்டாம். கடைசியில் வீட்டுக்காரரை எடுத்துக்கொண்டேன். ஸ்டியரிங்கில் கை, சாலையில் கண். ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கோயிலில் இறக்கிவிட்டு, உள்ளே வராமல், திருப்பலி முடியும்வரை வேப்பமரத்து நிழலில் பைக்கில் சாய்ந்து கைப்பேசியில் கிரிக்கெட் பார்ப்பவர். அவரிடம் பதிலை எதிர்பார்த்துப் பேசும் வழக்கம் கல்யாணமான புதிதிலேயே எனக்கு விட்டுப்போயிற்று. எதைச் சொன்னாலும் "ம்". அந்த "ம்"மும் பல நாள் மனதுக்குள்தான்.

மறுதேர்வு நாள் மேகமாக இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அவருடைய இடது காதைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னேன். குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வண்டிகள் பாலப்பணி காரணமாக மாற்றுப்பாதையில் விடப்படுகின்றன. மாலையில் இடியுடன் மழை பெய்யக்கூடும். பராமரிப்புப் பணிக்காக நாளை காலை மின்சாரம் இருக்காது. ஒவ்வொன்றும் இறங்கிவந்து நின்றது. ஏணி வைத்து இறக்கியதுபோல இல்லை, தானாக. இந்த மனிதருக்கு இது தேவைப்படும், சொல்கிறேன், அவ்வளவுதான். கடைசி வரி வந்தது. "தகவல்கள் நிறைவடைந்தன." வாய் இன்னொன்றுக்காகத் திறந்தது. நாக்கைப் பல்லுக்குப் பின்னால் பிடித்து வைத்துக்கொண்டேன். விளக்கு அணைந்தது.

அந்த அறையின் அமைதி அப்போது எனக்குச் சங்கடமாக இல்லை. ஆனால் ஏதோ ஒன்று வராமல் இருந்தது.

தேர்வாளர் அதிகம் பேசவில்லை. "நல்லா இருக்கு. கடைசியில ஏன் வாய் திறந்து மூடினீங்க?" என்று மட்டும் கேட்டார். கண்ணாடிக்குப் பின்னால் தூத்துக்குடிக்காரி குனிந்துகொண்டு குலுங்கினாள். தேறினேன். அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் சில மதியங்கள் எனக்கு என்று ஆசிரியர் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தேன். செருப்பு போடும் இடத்தில் என்னைப் பிடித்தவள் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். அவள் என் வீட்டுக்காரர் ஓட்டும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாள். காதில் வைத்தேன்.

முதலில் இரைச்சல். எங்கள் வானொலி குன்றத்தூர் மலையடிவரைதான் எட்டும். அதைத் தாண்டினால் கரகரப்புதான். கடைசி ஆட்களை ஏற்றிக்கொள்ள அவர் வழக்கமாக நிறுத்துவதும் அங்கேதான். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் தகவல் சொன்னாள். மாற்றுப்பாதை, மழை, மின்சாரம். நான்தான். அதன் மேல் பஸ்ஸிலிருந்த பெண்களின் பேச்சு. "சத்தம் போடாதீங்கடி, அண்ணன் பொண்டாட்டி பேசுது." "ஒரு மணிக்குள்ளயே ஏறுங்கன்னு தொரத்துனாரே, இதுக்குத்தானா?" "பாரு, மேப்படி பாலத்தாண்ட போவாதீங்கன்னு சொல்லுது." தகவல்கள் நிறைவடைந்தன. ஒரு நொடி வெறும் கரகரப்பு. பிறகு அந்தப் பஸ்ஸின் பாதி, கோயில் பெண்கள், ஒரே குரலில் சிரிப்போடு: "இறைவா உமக்கு நன்றி!"

"இன்னாடி சொல்றீங்க?" என்றது ஒரு புதுக்குரல், நெற்றியில் குங்குமம் வைக்கும் ஏதோ ஒரு அக்காவாக இருக்கும்.

"அது படிச்சா நாங்க சொல்லணும்க்கா. அப்டித்தான்."

"தோ பார்றா. நானும் சொல்லிக்கிறேன் வுடு."

இத்தனைக்கும் கீழே, எல்லோரும் முடித்தபின், தாமதமாக, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குரல் அதே பதிலைச் சொன்னது. ஆண்குரல். உடனே ஹார்ன். பதிவு முடிந்தது.

பூந்தமல்லி தாண்டும்வரை அதைத் திரும்பத் திரும்பப் போட்டேன். எந்தச் சந்தேகமும் இல்லை. நுனி மேலே ஏறி நின்றது அந்த நன்றி.

இரவு சாப்பாட்டில் கேட்டேன். அவர் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"நா எங்க சொன்னேன்? ஹார்ன் அட்ச்சேன். அதான் வுழுந்துருக்கும்."

"ஹார்ன் தனியா கீது. அதுக்கு முன்னாடி ஆம்பளக் கொரலு."

"கிளீனரா இருக்கும்."

"யோவ், உன் வண்டிக்கு ஏதுய்யா கிளீனரு?"

சோற்றைப் பிசைந்தார். குழம்பை நகர்த்தி வைத்தேன்.

"ரசம் கொதித்துவிட்டது" என்றேன், நன்றாக இறக்கி, தரையில் நிற்க வைத்து.

"ம்" என்றார்.