நட்சத்திரம் இல்லாத உடைமரம்

இருக்கன்குடிக்குப் பாதயாத்திரை போகிற சாலையில் எங்கள் ஊர்ப் பட்டாசு முதலாளி ஒரு புண்ணிய காரியம் செய்தார். காலமெல்லாம் வெடியில் சம்பாதித்த மனுஷனுக்கு, இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த கையோடு பசுமை மேல் பக்தி வந்துவிட்டது. இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் இருபத்தேழு மரம் நட்டு, 'ஆன்மிக நட்சத்திர வனம்' என்று வளைவு கட்டி, டிக்கெட்டும் போட்டார். மரம் என்பது சும்மா மரியாதைக்கு. எல்லாம் முழங்கால் உயரக் கன்று, பலகைதான் ஆள் உயரம். ஊரெல்லாம் கேட்பாரற்றுக் கிடக்கிற எருக்கஞ்செடிக்கு, திருவோணத்துக்கு உரியது என்பதால், இங்கே கம்பி வேலி. இதற்கெல்லாம் விளக்கம் சொல்ல, பி.காம். முடித்துவிட்டு வீட்டில் கிடந்த என்னை வேலைக்கு வைத்தார்கள்.

வனத்துக்குள் பொட்டு நிழல் கிடையாது. நிழல் இருந்தது வாசலுக்கு வெளியே, குடை விரித்தமாதிரி நின்ற, உடைமரம் என்கிற பழைய முள்மரத்தடியில். அங்கேதான் என் அக்கா மோர்ப்பானை வைத்திருந்தாள். அதற்கு முன் முதலாளியின் கம்பெனியில் வெடிக்கு மருந்து அடைத்தவள். பக்கத்து ரூம் வெடித்த அன்று ஓடி வந்து, "பிச்ச எடுத்தாலும் எடுப்பேன், இனி அந்த ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியது அந்த மோர்ப்பானையால்தான்.

ஒருநாள் முதலாளி வந்து பார்த்தார். யாத்திரைக் கூட்டமெல்லாம் உடைமரத்தடியில், உள்ளே ஈ காக்காய் இல்லை.

"இது எந்த நட்சத்திரத்துக்கு உள்ள மரம்லே?"

"எதுக்கும் இல்ல மொதலாளி."

"பெறகு என்னத்துக்கு நிக்கிது? வெள்ளிக்கிழமைக்குள்ள வெட்டிப்போடு."

ஜாதகம் இல்லாத மரத்துக்கு நிற்க என்ன உரிமை! மரம் போனால் அக்காவின் மோர்ப்பானையும் போகும்.

மறுநாள் மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மா உள்ளே வந்தார். நட்சத்திரம் கேட்டேன்.

"அதக் கண்டது யாரு? அடமழையில பொறந்தேன்னு எங்காத்தா சொல்லும். அதுக்கு மரம் இருக்கா தம்பி?"

வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். களை வெட்டப் போன இடத்தில் பிள்ளை பெற்றவர்கள் எங்கே ஜாதகம் எழுதப் போனார்கள்?

"இருக்கும்மா. நட்சத்திரம் தெரியாதவுகளுக்கு வெளிய நிக்கிற உடைமரந்தான்" என்றேன்.

அம்புட்டுத்தான். அந்த அம்மா மஞ்சள் பூசிக் கயிறு கட்ட, அடுத்து வந்தவர்கள் குங்குமம், எலுமிச்சம்பழம், சிவப்புத் துண்டு என்று ஜோடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அரிவாளோடு வந்த ஆள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஏண்ணே, சாமியப் போயி வெட்டச் சொல்றீக?"

"பொழச்சோம்லே தம்பி" என்று அக்கா எனக்கு ஒரு செம்பு மோர் தந்தாள்.

முதலாளி கோபப்படவே இல்லை. கையெடுத்துக் கும்பிட்டார். மறுவாரமே வேலியைத் தள்ளிக் கட்டி மரத்தை உள்ளே சேர்த்தார். இருபத்தெட்டாவது பலகையும் வந்தது. சாமி மரத்தடியில் எச்சில் டம்ளர் ஆகாது என்று மோர்ப்பானையை எடுக்கச் சொன்னார். அந்த இடத்தில் அவர் மச்சினன் கூல்டிரிங்ஸ் கடை போட்டான். பாட்டிலுக்கு எச்சில் தோஷம் கிடையாதாம்.

அந்தச் சாலையில் வேறு நிழல் இல்லை. அக்கா வெயிலில் உட்கார்ந்து பார்த்தாள், மோர் புளித்ததுதான் மிச்சம். தீபாவளி சீசன் தொடங்கியதும் கம்பெனி வேனில் ஏறிப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வனத்துக்கு வந்தாள். நகக்கண்ணெல்லாம் மருந்துக் கறை. டிக்கெட் வாங்கிக்கொண்டு நேராக உடைமரத்தடியில் போய் நின்றாள்.

"எனக்கும் நட்சத்திரம் தெரியாதுலே. என்னன்னு வேண்டிக்கிடணும், சொல்லு. நீதான வெளக்கம் சொல்ற ஆளு."

இருபத்தெட்டு மரத்துக்கும் மூச்சுவிடாமல் விளக்கம் சொல்கிறவன் நான். அக்கா கையிலிருந்த டிக்கெட்டை வாங்கி, பாதியைக் கிழித்துக் கொடுத்தேன்.