ஒபிட்ரே பார்த்தால் தூக்கம்

கொட்டாவி விடுகிறவர்களை ஒபிட்ரே பொருட்படுத்துவதில்லை. திறந்த வாய் மூடுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதைத்தான் பார்ப்பார். சந்தையில் மரவள்ளி விற்கிறவள் வாயைத் திறந்தால் நின்றுவிடுவார். அவள் பட்டென்று மூடிக்கொண்டு, "நேத்து எங்க வீட்டுல விசேஷம்ண்ணே, விடிய விடிய ஆட்டம்," என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வாள். "நான் ஒண்ணும் கேக்கலையே தாயி," என்பார். கேட்காததுதான் பயம்.

என்யாவு ஆற்றங்கரையில் ஈயை ஒழிப்பது இவர் உத்தியோகம். வீட்டு ஈயைவிடச் சற்றுப் பெரியது, நிழலில் இருந்து கடிப்பது. கடிபட்டவனுக்கு மாதங்களோ வருடங்களோ கழித்துப் பகல் இரவாகிவிடும். உட்கார்ந்த இடத்தில் தூங்குவான். ஒருநாள் எழுந்திருக்க மாட்டான். இந்த ஈக்கு நீலம் என்றால் உயிர். அந்த உயிரை வாங்கத்தான், மருந்தில் தோய்த்த நீலத் துணிகளை ஐம்பது தப்படிக்கு ஒன்றாகக் குச்சியில் கட்டி, முழங்கால் உயரத்துக்கு நட்டுவைத்திருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் குள்ளமான சிலர் வரிசையாக நின்று யாருக்கோ காத்திருப்பதுபோல் இருக்கும். தண்ணீருக்குப் போகும் பெண்கள் அவற்றுக்கு முதுகைக் காட்டுவதில்லை.

துணி நட்டதோடு நின்றிருந்தால் ஊருக்கு இவர்மேல் வருத்தமில்லை. ஆள் தூங்குவதையும் பார்க்கிறார். ஆறு வருடத்தில் நான்கு பேரைப் பார்த்தார். நான்கு பேருக்கும் அந்த நோய்தான். மூன்று பேர் மாத்திரை தின்று பிழைத்து வந்தார்கள். செங்கல் சூளை அஜிகாவுக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முற்றிவிட்டது, எழுந்திருக்கவில்லை. ஊர் இதை வேறு விதமாகக் கூட்டிக் கழித்தது: ஒபிட்ரே பார்க்கிறார், ஆள் தூங்குகிறான். யார் முந்தி, எது பிந்தி என்று ஆராய ஊருக்கு நேரமில்லை.

அதிலிருந்து இவர் தலை தெரிந்தால் தாய்மார்கள் கைக்குழந்தையைத் துணி போட்டு மூடுகிறார்கள். குழந்தை பகலில்தானே தூங்கித் தொலைக்கிறது. வாடகை மோட்டார் சைக்கிள்காரர்கள் முகம் கழுவிக்கொள்கிறார்கள். போதகர் எனோக் மட்டும் பிழைக்கத் தெரிந்தவர். ஞாயிறுதோறும் இவருக்கென்று முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு, அதைச் சபையைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுகிறார். இரண்டு மணி நேரப் பிரசங்கத்தை ஊரே கண் இமைக்காமல் கேட்கிறது. விசுவாசம் பெருகியிருப்பதாக மேலிடத்துக்குக் கடிதமும் போயிருக்கிறது. நாளெல்லாம் மேசையில் தூங்கும் வட்டார அலுவலக எழுத்தரை மட்டும் ஒபிட்ரே ஏறிட்டுப் பார்ப்பதில்லை. "அதுக்கு மாத்திரை கிடையாது," என்பார்.

இப்போது லெட்டாருவின் விஷயம். சோளக் கள் புளிக்கவைத்து விற்கிறவள். மூன்று வாரத்துக்கு முன் சந்தையில் ஒருவனுக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது குவளை நிரம்பி, வழிந்து, மண்ணை நனைத்தது. அவள் கை சாய்ந்தபடியே இருந்தது, கண் மூடியிருந்தது. குடிக்க வந்தவன் சிரித்தான். ஒபிட்ரே சிரிக்கவில்லை. மறுநாள் முதல் அவளைச் சந்தையில் காணோம்.

வீட்டுக்குப் போனார். மாமியார் ஆசியான்சு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து பேசினாள்.

"உன் கண்ணை வீட்டுல கழட்டி வச்சிட்டு வா. அப்புறம் பேசலாம்."

"வீட்டுல வச்சா என் பொண்டாட்டி தூங்கிருவாளே ஆத்தா."

வேடிக்கைக்குச் சொன்னதுதான். பொழுது சாய்வதற்குள், ஒபிட்ரே தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று ஊர் முழுக்கச் செய்தி.

நேற்று நடுப்பகலில் மறுபடி போனார். சாத்திய கதவுக்குப் பின்னால் உலக்கைச் சத்தம் கேட்டது. ஒரு இடி. அப்புறம் ஒன்றுமில்லை. வெயில் கொதித்தது, கோழிகூட அசையவில்லை. நாற்பது வரை எண்ணினார். அடுத்த இடி விழுந்தது. அதற்கடுத்ததற்கு அறுபத்தொன்று. உலக்கை அந்தரத்தில் நின்றபடி இருக்க, அதைப் பிடித்திருந்தவள் எங்கோ போய்வந்துகொண்டிருந்தாள்.

கதவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "ஆத்தா, அவ பிடரியைத் தடவிப் பாருங்க. புளியங்கொட்டை கணக்கா தட்டுப்படுதா?"

உள்ளே காலடி நகர்ந்தது. கதவுக்கு மிக அருகிலிருந்து ஆசியான்சுவின் குரல் வந்தது. "ரெண்டு இருக்கு. அன்னைக்கே பாத்துட்டேன்."

"விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம் போதும். கால் மணி நேரத்துல தெரிஞ்சிரும். அஜிகாவுக்கு லேட்டாச்சு. இவளுக்கு இன்னும் ஆகலை."

"நீ பாத்தா அவ எந்திரிக்க மாட்டா."

என் கண் அப்படிப்பட்டதில்லை என்று ஆறு வருடமாகச் சொல்லி அலுத்தவர். இம்முறை சொல்லவில்லை. திரும்பி, கதவுக்கு முதுகைக் காட்டி மண்ணில் உட்கார்ந்தார். கண்களை இறுக மூடிக்கொண்டார். வலது கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்தார். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள், இவருக்குத் தெரியாது.

கை கடுத்தது. கதவின் கீல் முனகியது. ஒரு விரல், மாவு படிந்தது, பிடிமானமில்லாதது, வைக்கப்பட்ட பொருள்போல அவர் உள்ளங்கையில் வந்து கிடந்தது. ஒபிட்ரே திரும்பவில்லை. இடது கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், தடவித் தடவி, அந்த மாவைத் துடைக்கத் தொடங்கினார்.