ஒன்பதாவது வளைவுக்கு ஒரு வேன்

சிங்கப்பூர் போய்விட்டு வந்த என் தோழி எங்களுக்குச் சொன்ன முதல் செய்தி, அங்கே ஓட்டல் அறையில் அரிசிம்பருப்பு சாதம் வைத்தாள் என்பது.

"ரைஸ் குக்கரைத் துணிக்கு நடுவுல சுத்திக் கொண்டுபோயிட்டோம் புள்ளை. மாமாவுக்கு வெளிச் சோறு ஒத்துக்காதுன்னு அத்தை மொதல்லயே சொல்லிப்போட்டாங்க. ஒருவேளை கூட வெளிய சாப்பிடலை, தெரியுமா?"

சண்டையில் ஜெயித்துவிட்டு வந்தவள் மாதிரி சொன்னாள். பீளமேட்டில் அவள் மாமியார் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்த மூன்று பேர், படிப்பு முடிந்த பிறகும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுவது என்று வைத்திருந்தோம். ஒருத்தி பனியன் ஏற்றுமதி செய்கிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். இன்னொருத்தி வகுப்புகளுக்கு வாழ்க்கைப்பட்டாள். கேக் வகுப்பு, பொம்மை வகுப்பு, கம்ப்யூட்டர் வகுப்பு, அப்போது கண்ணாடி ஓவிய வகுப்பு. மூன்றாவது நான். வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டு, மிச்ச நேரத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"கடல் பாத்தியா?" என்று கேட்டேன்.

"ரூம்லிருந்தே தெரியும். ஏசி போட்டிருந்ததால ஜன்னலைத் தெறக்கலை."

ஆல்பம் வந்தது. ஒவ்வொரு படத்திலும் மாமனார், மாமியார், அவள் மாமா என்று கூப்பிடுகிற கணவர், அவள் என்று நால்வரும் வரிசையாக நின்று சிங்கப்பூரை மறைத்திருந்தார்கள். ஓரத்தில் எங்காவது ஒரு கட்டடத்தின் தோள்பட்டை தெரிந்தது. இதைக் கிணத்துக்கடவு பஸ் நிறுத்தத்தில் எடுத்திருந்தாலும் இதே படம்தான் வந்திருக்கும்.

வகுப்புக்காரி தன் பங்குக்கு ஒரு கண்ணாடி ஓவியம் கொண்டுவந்திருந்தாள். தாமரைக் குளத்தில் ஓர் அன்னப்பறவை. அந்த வகுப்பில் சேர்ந்த எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படத்தைத்தான் கொடுப்பார்கள் போல. எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் அதே அன்னம் அதே பக்கம் பார்த்து மிதந்துகொண்டிருந்தது. "சொந்தமா ஏதாச்சும் வரையக் கூடாதா?" என்றேன். "அது அடுத்த கோர்ஸ்ல வருது" என்றாள்.

பிறகு என் முறை. "உன்ற சைக்கிள் எப்படியிருக்குது?" என்று சிங்கப்பூர்க்காரி, சீக்கு வந்த கன்றுக்குட்டியை விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

நான் கேட்க வந்த விஷயமே அதுதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருமுறை வால்பாறைக்கு பஸ்ஸில் போனோம். ஆழியாறு தாண்டி மலை ஏறி ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியபோது, கீழே அணை முழுசாகத் தெரிகிறது என்று எல்லோரும் கத்தினார்கள். நான் உட்கார்ந்திருந்தது மறுபக்கம். எழுந்து பார்ப்பதற்குள் பத்தாவது வளைவு வந்துவிட்டது. அந்த இடத்துக்கு என் காலாலேயே மிதித்து ஏறிப் போய், போதும் என்கிற வரை நின்று பார்க்க வேண்டும். அதுவும் சீக்கிரம். வீட்டில் என் ஜாதகத்தை வெளியே கொடுத்திருந்தார்கள். அமையப் போகிற வீட்டில் சைக்கிளை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பழைய தேங்காய் மட்டைக்குப் பக்கத்தில்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "கூட ஒரு புள்ளை வந்தா எவ்வளவு தூரம் வேணும்னாலும் போ. ஒத்தையிலன்னா கிணத்துக்கடவோட திரும்பிக்கோ." கிணத்துக்கடவில் சித்தி வீடு இருந்தது. நான் போய்ச் சேர்ந்ததும் சித்தி மோர் கொடுப்பார், கொடுத்த கையோடு அம்மாவுக்கு போன் போடுவார். இப்படியாக என் உலகத்தின் தெற்கு எல்லை ஒரு டம்ளர் மோரில் முடிந்தது.

"நீங்க ரெண்டு பேருல ஒருத்தி வந்தாப் போதும். சைக்கிள் நான் வாங்கித் தாரேன்" என்றேன்.

"போலாம் அம்மணி, அதுக்கென்ன" என்றாள் சிங்கப்பூர்க்காரி.

"பாக்கலாம்" என்றாள் வகுப்புக்காரி.

எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்வதில்லை. பாக்கலாங்க, ஆகட்டுங்க, வந்தர்றனுங்க, இவ்வளவுதான். இதைப் பெரிய மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் மெச்சுவார்கள். எனக்கென்னவோ அது, கதவைப் பூட்டாமல் சும்மா சாத்தி வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்கிற வேலையாகத்தான் பட்டது. தட்டிக்கொண்டே நிற்பவன் தானாகப் புரிந்துகொண்டு போய்விட வேண்டும்.

ஆனால் இந்த முறை அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அதைவிட மோசமாக, நிஜமாகவே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அந்த வாரமே போன் வந்தது.

"எல்லா ஏற்பாடும் பண்ணிப்போட்டேன் புள்ளை. வேன் சொல்லியாச்சு."

"வேனா? எதுக்கு?"

"உன்ற சைக்கிளை மேல கட்டிக்கலாம். அத்தைக்கு ஆனைமலை மாசாணியம்மனுக்கு ஒரு வேண்டுதல் இருக்குது. போற வழிதானே."

போகிற வழியில்லை, சுற்று. அதைச் சொல்லி என்ன பயன்? இந்த ஊர்க்காரர்களால் ஓர் இடத்துக்குச் சும்மா போகவே முடியாது. கோயில் இல்லாமல், அடுப்பு இல்லாமல், வீட்டில் ஒரு பெரியவர் இல்லாமல் புறப்பட்டால் அது ஓடிப்போவது என்று கணக்கு. அம்மாவுக்குத்தான் பரம சந்தோஷம். "அத்தையே வாராங்களா? அப்பறம் என்ன கண்ணு."

சரி, மலைக்கு அடிவாரத்திலிருந்தாவது நான் மிதிக்கலாமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

வேனில் அந்த அத்தை, நாங்கள் மூவர், டிரைவர், கேஸ் அடுப்பு ஒன்று, பெரிய எவர்சில்வர் தூக்கு ஒன்று. தூக்கில் என்ன என்று கேட்கவே வேண்டாம். கடல் கடந்து போன அதே அரிசிம்பருப்பு. என் சைக்கிளைக் கயிறு போட்டு மேலே கட்டியிருந்தார்கள். சந்தைக்குப் போகிற ஆடு மாதிரி அது வானத்தைப் பார்த்துக் கிடந்தது. சித்தி வீட்டைத் தாண்டும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் ஜிவ்வென்று இருந்தது. அந்த ரோட்டில் அதற்கு அந்தப் பக்கம் என் சைக்கிள் போவது அதுதான் முதல் தடவை, மல்லாந்து கிடந்தாவது.

ஆனைமலையில் அத்தை மிளகாய் அரைத்து அம்மனுக்குப் பூசினார். அப்படிப் பூசினால் கெடுதல் செய்தவருக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது நம்பிக்கை; யாருக்கு எரிய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. வெளியே வந்ததும் வேனின் தலையில் கிடந்த சைக்கிளைப் பார்த்தார்.

"கண்ணு, இதுக்குப் பூஜை போட்டாச்சா?"

"வாங்கிக் கொஞ்ச நாளாச்சுங்க அத்தை."

"மலையேறப் போற வண்டி. போடாம எப்படி?"

வரும் வழியில் பொள்ளாச்சியில் சைக்கிளை இறக்கித் தாருங்கள் என்று நான் கெஞ்சியபோது, கயிற்றை அவிழ்த்தால் மறுபடி கட்ட முடியாது என்ற டிரைவர், எலுமிச்சம்பழம் என்றதும் மடமடவென்று இறக்கினார். சைக்கிளுக்குச் சந்தனம், குங்குமம், முன்சக்கரத்தில் மாலை. சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து என்னை ஏற்றி நசுக்கச் சொன்னார்கள். சைக்கிள் கனத்துக்கு அது நசுங்கவில்லை, உருண்டு ஓடியது. "கொஞ்சம் அழுத்தி உக்காரு அம்மணி" என்று வகுப்புக்காரி யோசனை சொன்னாள். இதற்கும் எங்கோ வகுப்பு இருக்கும்.

ஆழியாறு அணைப் பக்கத்தில் மரத்தடியில் சாப்பாடு. பக்கத்தில் பொரித்த மீன் வாசனை வந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கோயில் போனதால் மீன் கிடையாது. சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு, கால் நீட்டி, ஒருவழியாகச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும், மறுபடி மேலே கட்டியிருந்த சைக்கிளை இறக்கி நான் ஏறினேன்.

வேன் பின்னாலேயே முதல் கியரில் வந்தது. முதுகில் மூச்சு விட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு.

"கண்ணு, மூச்சு வாங்குது பாரு. ஏறிக்க சாமி" என்று ஜன்னலிலிருந்து அத்தை.

"இல்லீங்க அத்தை."

"கால் வீங்கிப்போச்சுன்னா நாளைக்குப் பொண்ணு பாக்க வாரவங்க என்ன நெனைப்பாங்க?"

"காலைப் பாக்கவா வாராங்க?"

"சிங்கப்பூர்ல இதுக்கெல்லாம் கயித்துல தொங்குற பொட்டி வெச்சிருக்கான், தெரியுமா?" என்று மறு ஜன்னலிலிருந்து அவள். "உக்காந்தாப் போதும். மேல போயிரலாம்."

நான்காவது வளைவில் வகுப்புக்காரியின் தலை வெளியே வந்தது. வாந்தி. வேன் நின்றுவிட்டது. அவளால் எனக்கு ஆன ஒரே உபகாரம் அது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் சத்தம் நின்றதும்தான் மலையின் சத்தம் கேட்டது. எழுந்து நின்று மிதித்தேன். ஏழாவது வளைவில் தொடை மரத்துப்போய் இறங்கிக் கொஞ்சம் தள்ளினேன். மறுபடி ஏறினேன். சக்கரத்தில் இருந்த மாலை நைந்து பூப்பூவாக உதிர்ந்துகொண்டு வந்தது. ஒன்பதாவது வளைவில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன்.

அணை முழுசாகத் தெரிந்தது. நாங்கள் சாப்பிட்ட மரத்தடி கடுகளவு. அதற்கு அப்பால் பொள்ளாச்சி வரைக்கும் தென்னை, தென்னை, தென்னை. எதிர்ப் பாறையில் ஒரு வரையாடு நின்று என்னைப் பார்த்தது. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று அது கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. போதும் என்கிற அளவுக்கு இல்லை. வேன் வந்துவிட்டது. இறங்கினார்கள். "இவ்வளவுதானா?" என்றாள் சிங்கப்பூர்க்காரி. எல்லோரும் அணைக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். என்னையும் இழுத்து நிறுத்தினார்கள். டிரைவர் படம் எடுத்தார்.

அடுத்த மாத ஞாயிறு, அதே ஹால். அந்தப் படம் ஆல்பத்தில், சிங்கப்பூருக்கு அடுத்த பக்கத்தில் ஏறியிருந்தது. அணை அத்தையின் சேலைக்குப் பின்னால். சைக்கிளை மறைத்துக்கொண்டு வகுப்புக்காரி. அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியும் வந்திருந்தாள். அவளுக்குச் சிங்கப்பூர்க்காரி விளக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒம்பதாவது வளைவு வரைக்கும் சைக்கிள்லயே ஏறினோமுங்க."

"அடேங்கப்பா. ஆரு ஓட்டினது?"

"நாங்க எல்லாருந்தான்."

வகுப்புக்காரி தலையாட்டினாள். வாந்தி எடுத்ததையும் சேர்த்து உழைப்பில் கணக்கு வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. நான் டீயைக் குடித்தேன். எங்கள் அம்மாவும் இதே படத்தைப் பார்த்துவிட்டு, "இப்படித்தான் போகோணும், எல்லாருமா" என்றிருந்தார்.

சிங்கப்பூர்க்காரி என் பக்கம் திரும்பினாள். "அடுத்து சத்தியமங்கலம் போலாம் புள்ளை. திம்பம் மலைல இதைவிட நல்ல வளைவெல்லாம் இருக்குதாமா. பண்ணாரியம்மனையும் கும்பிட்டுக்கலாம். வேன் சொல்லிப்போடட்டுமா?"

பாக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். ஊரே அதைத்தான் சொல்லும். கோபித்துக்கொள்ள யாருக்கும் இடமிருக்காது.

"நான் வரலை" என்றேன்.

வகுப்புக்காரி கையில் முறுக்கு அப்படியே நின்றது. சமையலறையிலிருந்து அத்தை வெளியே வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"உடம்புக்கு முடியலையா கண்ணு?"

"நல்லாத்தான் இருக்கேனுங்க அத்தை. நான் தனியாப் போய்க்கறேன். அம்மாகிட்டயும் இப்படியே சொல்லப் போறேன்."

"ஒத்தையிலயா?" என்றார் அத்தை. பிறகு என் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, எனக்குக் கேட்காது என்று நினைத்துத் தன் மருமகளிடம் மெதுவாகச் சொன்னார், "இந்தப் புள்ளையை மாசாணிக்கு இன்னொருக்காக் கூட்டிட்டுப் போகோணும் போல இருக்குது."

நான் வாசலுக்கு வந்து சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தேன். கைப்பிடியில் சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். வீட்டில் அம்மா இருப்பார்.