ஐம்பத்தேழு டிக்கெட்டும் ஒரு பெட்டிக்கடையும்

செவ்வாய், காலை 6.30. சென்னை, மீனம்பாக்கம்.

விமானத்தில் ஏற்றுவதற்கு முன்னால் என்னை எடை போட்டார்கள். பெட்டியை அல்ல, என்னை. அரிசி மண்டியில் கிடப்பது போன்ற ஒரு தராசுப் பலகைமேல் நிற்கச் சொல்லி, "எழுபத்தொன்பது கிலோ" என்று ஊருக்கே கேட்கும்படி படித்தார் ஒருவர். சின்ன விமானமாம், யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை உடம்பின் எடைதான் தீர்மானிக்குமாம். மானம் போனால் போகட்டும், கீழே விழாமல் இருந்தால் சரி என்று காட்டிய இடத்தில் உட்கார்ந்தேன். பத்தொன்பது இருக்கைகள், பயணிகள் ஐந்து பேர்.

இது எண்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். "தீபத்துக்குத் திருவண்ணாமலை செல்ல விமானம்" என்று பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். நான் மதுரைக்காரன். ரயிலில் வந்தால் வழியில் விழுப்புரத்தில் இறங்கி, வேறு வண்டி பிடித்து நேராகத் திருவண்ணாமலைக்குப் போயிருக்கலாம். அதை விட்டுவிட்டு, விமானத்தில் போக வேண்டும் என்ற ஆசையில் சென்னை வரைக்கும் போய் நூற்று நாற்பது ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கினேன். என்னைப் போன்ற அசடுகள் அன்று இன்னும் நாலு பேர் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

காலை 7.45. விமானம் இறங்கிய இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர் இன்னும் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறார். வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு ஓடுதளம், ஓர் அறை, நாலு வேப்பமரம். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தாமே ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தாமே பெட்டிகளை இறக்கினார். பிறகு அறைக்குள் ஓடி, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, எங்கள் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். அவர்தான் நிலைய அதிகாரி. பெயர் நசீர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாற்பது வயதிருக்கும்.

"திருவண்ணாமலை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸில ரெண்டு மணி நேரம் சார்."

"என்னய்யா இது! விளம்பரத்தில் அதைப் போடவில்லையே!"

"போட்டா யாரு சார் வருவாங்க?" என்றார், சிரிக்காமல்.

அவரும் அன்று திருவண்ணாமலைக்குத்தான் வந்தார். அவர் பிறந்த ஊர் அது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கேட்காமலேயே எல்லாவற்றையும் கொட்டினார். விமானம் வர ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. வருகிற ஆட்கள் ரொம்பக் கம்மி, செலவு ஜாஸ்தி. தை மாதம் கணக்குப் பார்த்து நிறுத்திவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. நசீர் கெஞ்சிக் கூத்தாடி ஒரு அனுமதி வாங்கியிருந்தார். காலையில் வருகிற விமானம் திரும்புவதற்கு முன் ஒன்றரை மணி நேரம் சும்மா நிற்கிறது. அந்த நேரத்தில் அதைத் திருவண்ணாமலைக்கு ஓட்டி, மலையை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவரலாம். ஆளுக்கு நூறு ரூபாய். தீபத்துக்கு மறுநாளிலிருந்து மூன்று நாள், மலையுச்சியில் எரியும் தீபத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். மூன்று பத்தொன்பது ஐம்பத்தேழு.

"அம்பத்தேழு டிக்கெட்டு வித்துட்டன்னா மேல வாய் தொறக்க மாட்டாங்க சார். விக்கலன்னா கதவ சாத்திகினு போயிடணும். எங்க ஊருக்கு ஏரோப்ளேன் கொண்டாந்தேன்னு பெருமையா சொல்லிகினு இருந்தேன். மூடினேன்னு எப்பிடி சார் சொல்றது?"

போளூர் தாண்டியதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைக் காட்டினார். மலை தெரிந்தது. தொடர்ச்சி எதுவும் இல்லாமல், சமதரையில் தன்னந்தனியாக நின்றது. மூன்று நாள் மழையில் நனைந்து கறுத்த பாறை, உச்சியில் கொஞ்சம் மேகம். பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் பெரிய பக்திமான் ஒன்றும் இல்லை. ஆனாலும் என் கையும் தன்னால் எழுந்தது.

செவ்வாய், மாலை 4 மணி. அடி அண்ணாமலை.

மலையைச் சுற்றும் பாதை ஏறக்குறைய ஒன்பது மைல். கிழக்கே பெரிய கோயிலில் தொடங்கினால், மேற்கே சரிபாதியில் வருகிறது அடி அண்ணாமலை. அங்கே பச்சையம்மாள் ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார்: சோடா, கற்பூரம், வெற்றிலை, வறுத்த மல்லாட்டை. நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பேர். ஐம்பதை நெருங்கும் வயது, கனத்த குரல். நடந்து களைத்து வருகிறவர்கள் எல்லாரும் அங்கே நின்றுதான் போகிறார்கள். சும்மாவும் போவதில்லை, எங்கே தங்கலாம், எந்த ஓட்டலில் சாம்பார் ஊசிப்போயிற்று, எந்தப் பூசாரி பிடுங்குவான் என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு போகிறார்கள்.

"அக்கா வாயி ஒரு பேப்பர் மாதிரி சார்," என்று என் காதில் சொன்னார் நசீர். அந்த ஐம்பத்தேழு டிக்கெட் அடங்கிய புத்தகத்தை அவர் வைக்கப்போவது இந்தக் கடையில்தான். தீபத்தன்று லட்சம் பேர் இந்த வழியாக வருவார்கள். அதற்கு முன் அக்காவை ஒருமுறை ஓசியில் ஏற்றிக் காட்டிவிட வேண்டும். புதன்கிழமை வெள்ளோட்டம்.

"நீங்கள் எத்தனை முறை மலை சுற்றியிருக்கிறீர்கள்?" என்று பச்சையம்மாளிடம் கேட்டேன்.

"ஒரு தபா கூட இல்லீங்க."

நான் நம்பவில்லை. இந்தப் பாதையிலேயே பிறந்தவர்!

"நல்ல நாளாச்சுன்னா ஊரே சுத்துது, வியாபாரமும் அன்னிக்குத்தான். கடைய யாரு பாக்கறது? சாதா நாள்ல சுத்தலாம்னா, சாதா நாள்ல என்னாத்துக்கு சுத்தறதுன்னு தோணிடும். அப்பிடியே போயிட்ச்சு காலம்."

புதன், காலை 8 மணி. ஓடுதளம்.

விடியுமுன்பே புறப்பட்டு வேனில் எங்களைக் கூட்டிப் போயிருந்தார் நசீர். என்னோடு பதினோரு பேர்: பாத்திரக் கடை முதலாளி, அவர் மனைவி, செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடுகிற ஒருவர், இன்னும் சில வியாபாரிகள். பச்சையம்மாள் புதுச் சேலை கட்டி, மடியில் மல்லாட்டைப் பொட்டலத்தோடு வந்திருந்தார். எடை போட்டபோது, "எத்தினின்னு சொல்லாத, அடிப்பேன்" என்றார் நசீரிடம்.

மலை உச்சிக்கு மேலே பறக்கக் கூடாது என்று நசீர் விமானியிடம் முன்பே சொல்லியிருந்தார். இந்த ஊரில் மலையே சாமி. சாமி தலைமேல் ஏறுவதாவது! வடக்கத்திக்காரரான கேப்டன் அதைச் சரியாகவே புரிந்துகொண்டு, உச்சியைவிடத் தாழ்வாக, சற்று விலகியே கொண்டுபோனார். இருபதாவது நிமிடம் மலை வந்தது. எல்லாரும் "அரோகரா" என்றார்கள். விமானம் இடப்பக்கம் சாய்ந்தது.

"அய்யய்யோ!" என்று கத்தினார் பச்சையம்மாள். "பாய்! மலை இந்தப் பக்கம் வருதே!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தேன். மலை எங்களுக்கு இடது பக்கம் இருந்தது. கோயிலை, சாமியை, இந்த மலையை, எதைச் சுற்றினாலும் வலப்பக்கம் வைத்துத்தான் சுற்றுவது. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"எழவுக்கு சுத்தற மாதிரி சுத்தறானே! எறக்குடா என்ன!"

பாத்திரக் கடை அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவர் கணவர், "நசீர் பாய், இது வெளிய தெரிஞ்சா ஊர்ல தலைகாட்ட முடியாது" என்றார். நசீரின் முகத்தில் ரத்தமே இல்லை. எத்தனை உயரம், எத்தனை தூரம், எத்தனை நிமிடம் என்று எல்லாம் சொன்ன மனிதர், எந்தப் பக்கம் என்பதைச் சொல்லவில்லை. தேரடித் தெருவுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவருக்கு அது ஒரு ஆளிடம் சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. சாய்ந்த விமானத்தில் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் ஓடினார்.

முன் வரிசையில் இருந்ததால் எனக்குப் பேச்சு காதில் விழுந்தது. கேப்டனின் இருக்கை இடப்பக்கம். எதைச் சுற்றினாலும் தன் கண்ணுக்குத் தெரியும்படி இடப்பக்கமாகச் சுற்றுவதுதான் அவர் தொழில் பழக்கம். வலப்பக்கம் சுற்றினால் மலை அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கிற துணை விமானிதான் ஓட்ட வேண்டும். அந்தப் பையன் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. போதாததற்கு எண்ணெய்க் கணக்கு. மறுபடி சுற்றினால் அதற்கு யார் பதில் சொல்வது?

"நான் எழுதித் தரேன். என் பேர்ல எழுதிக்குங்க," என்றார் நசீர். அதை இங்கிலீஷிலும் தமிழிலும் கலந்து நாலு தடவை சொன்னார். கேப்டன் அவரைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் இருந்த எங்கள் முகங்களையும் பார்த்தார். பிறகு துணை விமானியைப் பார்த்துத் தலையசைத்தார்.

"பாதில திரும்பினா செல்லாது! கோயிலுக்கு எதுர்ல போயி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்!" என்று பின்னாலிருந்து உத்தரவு போட்டார் பச்சையம்மாள்.

அப்படியே ஆயிற்று. விமானம் வந்த வழியே விலகி, கிழக்கே போய், ராஜகோபுரத்துக்கு நேராக வந்து வலப்பக்கம் சாய்ந்தது.

இதற்குப் பிறகு நான் என்ன எழுத? கோபுரங்கள் எங்களுக்குக் கீழே காலை வெயிலில் நின்றன. மதில்களும் குளங்களும் கோலம் போட்டது போல் ஒழுங்காகக் கிடந்தன. தெற்கே திரும்பியதும் மலை வேறு மலையானது. மேற்கே போனதும் ஒன்றாக இருந்தது பலவாகப் பிரிந்தது. பாறை இடுக்குகளில் மழைத் தண்ணீர் வெள்ளைக் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஏரிகள் நிறைந்து, ஒவ்வொன்றிலும் அதே மலை தலைகீழாக நின்றது. அடே அப்பா! நாலு மணி நேரம் நடக்கிற பாதையை ஆறு நிமிடத்தில் சுற்றினோம். அந்த ஆறு நிமிடமும் எனக்கு மூச்சு விட்ட ஞாபகம் இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

அடி அண்ணாமலைக்கு மேலே வந்தபோது பச்சையம்மாள் கீழே விரலை நீட்டினார். ஒரு தகரக் கூரை மின்னியது.

"அதா என் கட," என்றார். "தே, இத்தினூண்டு. அதுக்குள்ளியா இருந்தேன் இத்தினி நாளா?"

அப்புறம் இறங்கும்வரை அவர் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. வியாபாரிகள் நசீரின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார்கள். அன்று மாலையே டிக்கெட் புத்தகம் பெட்டிக்கடைக்குப் போய்விட்டது.

சனி, பகல் 2.30. தீபத் திருநாள்.

எத்தனை விற்றிருக்கும் என்று பார்க்க நசீரும் நானும் அடி அண்ணாமலைக்குப் போனோம். பாதை முழுக்க ஜனம். கால் வைக்க இடமில்லை. கடை பூட்டிக் கிடந்தது.

நசீர் பூட்டை இழுத்துப் பார்த்தார். பக்கத்தில் பூ விற்றவர், "காலைலயே சாத்திட்டாங்களே" என்றார். கடை வாசலில் ஜனங்கள் வருவதும், பூட்டைப் பார்ப்பதும், போவதுமாக இருந்தார்கள். டிக்கெட் புத்தகம் உள்ளே. நாங்கள் வெயிலில் அரை மணி நின்றோம். அப்போது கூட்டத்தோடு கூட்டமாக, வெறும் காலோடு, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார் பச்சையம்மாள்.

நசீரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"பாய், நீ என்ன திட்டினாலும் சரி. மேலருந்து பாத்தப்புறம் உள்ள உக்கார முடியல. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. நடந்தே தீரணும்னு தோணிட்ச்சு. உன் டிக்கெட்டு மூணுதான் வித்திருக்கேன்."

நசீர் பூட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "சாவி குடுக்கா. இன்னும் பாதி சுத்து இருக்குது, நீ நில்லாம போ."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் கூட்டத்தில் கலந்தார்.

அந்த விமானம் இப்போது இல்லை. தை முடிவதற்குள் நிறுத்திவிட்டார்கள். நசீரைச் சென்னைக்கு மாற்றினார்கள். எங்கள் மதுரையில் பெரிய விமானமே வந்து போகிறது, ஆட்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். அதில் போய்வந்த யாரும் ராத்திரி தூங்க முடியாமல் தவித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இருட்டும் வரை நிலைய அதிகாரி அந்தக் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார். வந்தவர்களிடம் எல்லாம் விமானத்தைப் பற்றிச் சொன்னார். அவர்கள், "சரிங்க, ஒரு சோடா குடுங்க" என்றார்கள். "கற்பூரம் நாலணாவுக்கு" என்றார்கள். நான் சோடா உடைத்தேன், அவர் சில்லறை கொடுத்தார். ஆறு மணிக்கு உச்சியில் தீபம் தெரிந்தபோது லட்சம் குரல்கள் ஒன்றாக எழுந்தன. தரை அதிர்ந்தது. நசீர் கையில் இருந்த சில்லறையைக் கல்லாவில் போட்டுவிட்டு எழுந்து நின்றார். நானும் நின்றேன்.

ஏழரைக்குப் பச்சையம்மாள் சுற்றி முடித்துத் திரும்பி வந்தார். கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்க, "டிக்கெட்டு எத்தினி போச்சு பாய்?" என்றார்.

நசீர் ஒரு முக்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"உக்காருக்கா. கால் வலிக்குதா?"