கொக்கிஸ் தாச்சியும் தீர்த்தப் போத்தலும்

தேங்காய் எண்ணெய் காய்கிற மணம் வந்தால் சிலருக்குப் பசி வரும். எனக்கு இன்றைக்கும் நெஞ்சு படபடக்கும்...

லிங்கநகர் வீடு. தங்கச்சி ஜெனிற்றாவுக்குச் சனிக்கிழமை கல்யாணம். புதன் பின்னேரம் குசினியில் கொக்கிஸ் என்கிற அச்சுப் பலகாரம் சுட எல்லாம் தயார். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கரைத்த சட்டி, பூ அச்சு, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பெரிய தாச்சி.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். கல்யாணப் பலகாரம் சுடுவதற்கு முன் அம்மா கண்ணை மூடிச் செபம் சொல்லி, கோயிலில் இருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை அடுப்பில் தெளிப்பார். அதற்குப் பிறகுதான் நெருப்பு.

அன்று பார்த்துத் தீர்த்தப் போத்தலைக் காணவில்லை. அம்மா அலுமாரியைக் குடைந்துகொண்டிருந்தார்.

எனக்கோ பொறுமை இல்லை. அப்போது துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை. ஆறு மணிக்கு ஷிப்ட். அம்மா வருவதற்குள் எண்ணெய் காயட்டுமே என்று அடுப்பைப் பத்தவைத்துவிட்டேன். விளிம்பு வரைக்கும் எண்ணெய் ஊற்றியதும் இந்த மகாராசன்தான்.

"அண்ணா, எண்ணெய் புகையுது. கொஞ்சம் குறையுங்கோவன்."

"கல்யாணப் பொம்பிளை பேசாமல் மாவைக் கலக்கு" என்று பகிடி விட்டேன்.

அந்த நேரம் அம்மா போத்தலோடு வந்தார். வாசலிலேயே கண் மூடியாகிவிட்டது. அடுப்பு எரிவதை அவர் பார்க்கவே இல்லை.

"ஆண்டவரே, என்ர பிள்ளையின்ர..."

"அம்மா, நில்லுங்கோ!"

பிந்திவிட்டது. ஒரு கை தீர்த்தம் நேரே தாச்சிக்குள்.

எண்ணெய் சீறிப் பொங்கி, விளிம்பால் வழிந்து, குபீரென்று தீ பிடித்தது. ஜெனிற்றா கையை உதறிக்கொண்டு அலறினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர் வாளியைத் தூக்கினேன்.

களஞ்சிய வாசலில் பெரிய போர்ட் ஒன்று இருந்தது. எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் ஊற்றாதே என்று. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போவேன். ட்ரெயினிங்கூடத் தந்தார்கள். அந்த நேரம் ஒன்றுமே ஞாபகம் வரவில்லை.

"அண்ணா, தண்ணி வேண்டாம்! வாளியைக் கீழ வையுங்கோ!"

கத்தியது மணப்பெண். வெந்த கையாலேயே சோற்றுப் பானையின் பெரிய மூடியை எடுத்து, ஓரமாகச் சரித்துத் தாச்சியை மூடினாள். பிறகு காஸ் சிலிண்டரை நிப்பாட்டினாள்.

"ஒருத்தரும் திறக்கப்படாது. ஆறட்டும்."

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அந்த வாளியை ஊற்றியிருந்தால் அவளுடைய முகம்... அதற்குமேல் நினைக்க இன்னும் எனக்குத் தைரியம் இல்லை.

குழாய்த் தண்ணீரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா கேட்டார். "நான் வர முந்தி அடுப்பை ஆர் பத்தவைச்சது?"

நான் வாயைத் திறக்க முதல் ஜெனிற்றா சொல்லிவிட்டாள். "நான்தான் அம்மா."

நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை அவள் நீளக் கை வைத்த சட்டையோடு கோயிலுக்குப் போனாள்.

இப்போது அவள் கனடாவில். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கோலில் வந்து, கதைத்துக்கொண்டே எதையாவது பொரிப்பாள். எனக்கு இருப்புக் கொள்ளாது. "மூடி எங்க?" என்று கேட்பேன். மூடியைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாள். முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பும் தெரியும். இங்கிருந்து கை நீட்ட முடியாதே என்று மனம் கிடந்து அடிக்கும்.

அம்மாவும் மாறிவிட்டார். இப்போதெல்லாம் அடுப்பை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார். ஆனால் போனில் நான் மூடியைப் பற்றிக் கேட்டால், என் பக்கம் திரும்பி ஒன்று சொல்லாமல் விடமாட்டார்.

"நல்லாச் சொல்லு தம்பி. அண்டைக்கும் அவசரப்பட்டுப் பத்தவைச்சவள்தானே."

போனவாரமும் சொன்னார். ஜெனிற்றா மறுபடி சிரித்தாள். "ஓம் அம்மா, நான்தான்."

அம்மா பேஸ்புக் பார்ப்பதில்லை. அதனால் உங்களிடம் முதலில் சொல்லிப் பழகிப் பார்த்தேன். இன்று பின்னேரம் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருக்கப்போகிறேன். அடுப்பைப் பத்தவைத்தவன் நான்.